புதிய கீர்த்தனைகளை நாள்தோறும் அமைக்கும்போது எழும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் முறையும்

ஒரு கச்சேரியைப் புதிய உருப்படிகளைக் (பாட்டுகளைக்) கொண்டே நிறைப்பது என்று முடிவாகி, கையில் ஆறு வாரம், அமைக்க வேண்டியவை ஆறு உருப்படிகள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, தினமும் காலையில் சுருதிப் பெட்டியின் முன் உட்காரத் தொடங்குபவருக்கு முதல் வாரம் பெரும்பாலும் இனிமையாகவே கழியும். கோளாறுகள் இரண்டாம் வாரத்தில்தான் தலைகாட்டும். அப்போது தெரிகிற கோளாறு ஓர் இடத்திலும் அதற்கான காரணம் வேறோர் இடத்திலும் இருப்பதே வழக்கம்: சரணம் (பாட்டின் கடைசிப் பகுதி) நகராமல் நிற்பதற்குக் காரணம் சரணத்தில் இல்லாமல், மூன்று நாளுக்கு முன் முடிவு செய்யாமல் விட்ட காலப்பிரமாணத்தில், அதாவது பாட்டின் வேகத்தில், இருக்கும்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நேற்று அமைத்ததைத் தாளம் போட்டு, சுருதியோடு, நடுவில் நிறுத்தாமல் ஒருமுறை பாட வேண்டும். தடங்கலின்றி வந்தால் இன்றைய வேலையைத் தொடங்கலாம். தடங்கினால், தடங்கிய இடம் எதுவோ அதுதான் இன்றைய வேலை. பின்வரும் குறிப்புகள் எல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவருக்கு உரியவை.

பல்லவிகள் குவிகின்றன, ஆனால் ஒரு கீர்த்தனைகூட முடியவில்லை

நாள்தோறும் அமைப்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் கோளாறு இது. பாட்டின் முதல் பகுதியான பல்லவி ஒரு வரிதான். ராகத்தின் முகத்தைக் காட்டி, எடுப்பை (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை) நிலைநிறுத்தி, இரண்டு மூன்று சங்கதிகளோடு (அதே வரியின் மெட்டு வேறுபாடுகளோடு) முடிந்துவிடும். அந்த மகிழ்ச்சி அடுத்த நாள் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் கிடைப்பதில்லை, ஏனெனில் அங்கே எதுகை, மேல் ஸ்தாயிக்கு ஏறும் வழி, திரும்பப் பல்லவியில் வந்து சேரும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. உடனே மனம் வேறொரு ராகத்தில் வேறொரு பல்லவியைத் தேடிப் போய்விடும்.

இதற்கு மன உறுதியைக் காட்டிலும் வரிசை மாற்றமே பலன் தரும். சரணத்தின் சாகித்தியத்தை, அதாவது சொற்களை, முதலில் எழுதுங்கள். பாட்டு சொல்ல வருகிற பொருள் சரணத்தில்தான் விரிகிறது. அந்தப் பொருள் கையில் இருந்தால் அனுபல்லவி அதை நோக்கிச் செல்லும் படியாகவும், பல்லவி அதன் சுருக்கமாகவும் தாமே அமையும். பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு சரணத்துக்குப் பொருள் தேடும்போதுதான் மலரும் மதியும் மயிலும் வரிசையாக வந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே குவிந்துவிட்ட பல்லவிகளில், எதற்குச் சரணத்தின் முதல் இரண்டு அடிகள் ஒரே அமர்வில் வருகின்றனவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தனி நோட்டில் மூடி வைத்துவிட வேண்டும்.

நேற்று நன்றாக இருந்த மெட்டு இன்று வேறு ராகமாகக் கேட்கிறது

ராகம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்பதே இதன் பொருள். இரண்டு வகையில் இது நேரும், இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, சுரம் நுழைவது. ஆபோகியில் நிஷாதம் கிடையாது. ஸ்ரீரஞ்சனிக்கு அதே சுரங்களோடு நிஷாதமும் உண்டு. தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு வேகமாகப் போகும் சங்கதியில் குரல் தன்னையறியாமல் நிஷாதத்தைத் தொட்டுவிட்டால், நான்காவது சங்கதி வருவதற்குள் பாட்டு ஸ்ரீரஞ்சனியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சந்தேகமான சங்கதியைச் சாகித்தியத்தை விட்டுச் சுரமாகப் பாடினால் போதும். வாய் ‘த நி ஸ’ என்று சொல்ல ஆசைப்படுகிற இடம் உடனே தெரிந்துவிடும். அங்கே ‘ம த ஸ’ என்று தாண்டுகிற பிடியை (சுரத் தொடரை) வைத்து, தைவதத்தைச் சற்று நிறுத்திப் போனால் நிஷாதம் நுழைய வழி இராது.

இரண்டாம் வகை இதைவிடக் கடினமானது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே: ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. சுரமாகப் பாடிச் சோதிப்பதால் இங்கே எதுவும் தெரியாது, ஏனெனில் நுழைந்தது சுரமல்ல, நடை. ஆரபி துள்ளி நடப்பது; ‘பபமமகரி’ போன்று சுரம் இரட்டித்து வரும் ஜண்டைப் பிடிகளும், காந்தாரத்தில் தங்காமல் கடந்து போவதும் அதன் இயல்பு. தேவகாந்தாரி நிதானமாக, நீண்ட கமகங்களோடு (சுரங்களின் அசைவுகளோடு) அசைந்து வருவது. ஆரபியில் தொடங்கிய பாட்டைச் சற்றுக் கனமாக இருக்கட்டும் என்று காலம் தாழ்த்தினால், ஒரு சுரமும் மாறாமலேயே அது தேவகாந்தாரியின் பக்கம் சாயத் தொடங்கும். ஆகவே இவ்வகை ராகங்களில் காலப்பிரமாணத்தை முதல் நாளே முடிவு செய்து, தாளத்தைத் தட்டிப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் தொடங்குமுன் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டே கையைத் தூக்க வேண்டும்.

பாடும்போது சொல் வேறு பொருள் தருகிறது

தமிழில் சாகித்தியம் அமைப்பவர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் இதுதான், கச்சேரியில் கேட்பவர்கள் முதலில் கண்டுகொள்வதும் இதைத்தான். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுகின்றன. ‘வரம் தருவாய்’ என்று எழுதிவிட்டு, ‘வ’ என்ற எழுத்தின் மேல் நான்கு மாத்திரைக் கார்வை (நீட்டி நிறுத்துவது) வைத்தால், அவையினர் காதில் ‘வாரம் தருவாய்’ என்றுதான் விழும்; இறைவனிடம் குத்தகை கேட்பது போலாகிவிடும். ‘மனம்’ மானமாகும், ‘மலை’ மாலையாகும், ‘விதி’ வீதிக்கு வந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் மெட்டை முதலில் அமைத்து, அதன்மேல் சொல்லை அடுக்கியதாக இருக்கும். அதில் தவறில்லை, பல நல்ல பாடல்கள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன. ஆனால் மெட்டில் கார்வை விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் நெடிலோ, ‘ஏ’, ‘ஓ’ போன்ற ஈறோ, மெல்லின ஒற்றோ வருமாறு சொல்லைத் தேட வேண்டும். ‘ம்’, ‘ன்’, ‘ங்’ ஆகியவற்றின் மேல் நாதம் நிற்கும்; ‘க்’, ‘த்’, ‘ப்’ ஆகியவற்றின் மேல் நிற்காது. ‘பக்தி’ என்ற சொல்லில் நீட்ட இடம் ஒன்றே உள்ளது, அது கடைசி இகரம். முதல் எழுத்தை நீட்டினால் ‘பாக்தி’ என்ற இல்லாத சொல் பிறக்கும்.

திருத்தும் முறை இதுதான்: வரியைத் தாளக் கட்டமாக எழுதுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு மாத்திரை. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை மாத்திரை பிடிக்கிறது என்று கீழே குறியுங்கள். மூன்று மாத்திரைக்கு மேல் பிடிக்கும் குறில் எதுவாயினும் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒரு வரிக்கு ஒரு வட்டம் இருந்தால், அந்தச் சொல்லை ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மூன்று வட்டங்கள் இருந்தால் சொல்லை மாற்றாமல் தீராது. மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வரி அந்த மெட்டுக்கு உரியதல்ல.

இதோடு சேர்ந்ததே சொல் பிளவுபடும் கோளாறு. மூச்சு விடும் இடம் சொல்லின் நடுவில் வந்தால் முதல் பாதி ஒரு சொல்லாகவும் மறுபாதி இன்னொரு சொல்லாகவும் ஒலிக்கும். தாளத்தின் எட்டு அட்சரங்களும் இரட்டிக்கும் இரண்டு களை ஆதியில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) பதினாறு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்று வைத்தாலே பதினாறு நொடி ஆகிறது. அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் கமகத்தோடு பாடுவது எவருக்கும் கடினம். ஆகவே நடுவில் மூச்சுக்கு ஓர் இடத்தை அமைப்பவரே வைத்துவிட வேண்டும். அதைப் பாடுபவரின் விருப்பத்துக்கு விட்டால் அவர் தமக்கு வசதியான இடத்தில்தான் விடுவார். வீணையிலோ வயலினிலோ மெட்டு அமைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும், ஏனெனில் தந்திக்கு மூச்சு வாங்காது.

அமைக்கும் எல்லாப் பாட்டும் ஒன்று போலவே இருக்கின்றன

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கைத்தாளத்தோடு உட்கார்ந்தால் இது நடக்கத்தான் செய்யும். ராகத்தை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஆறு உருப்படிகளும் ஆதி தாளத்தில், சமத்திலிருந்து (தாளச் சுற்றின் முதல் தட்டிலிருந்து) அரை அட்சரம் தள்ளிய எடுப்பில், அனுபல்லவி மேல் ஸட்ஜத்தில் ஏறி நிற்கும் வகையில் அமைந்தால், ஆறு ராகங்கள் இருந்தும் கேட்பவருக்கு ஒரே பாட்டுதான்.

கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கு மெட்டமைத்தபோது எதிர்கொண்ட நிலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். முப்பதும் ஒரே யாப்பு. முப்பதும் ‘எம்பாவாய்’ என்றே முடிகின்றன. முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கன ராகங்கள் ஐந்தையும் அவற்றின் வரிசையிலேயே வைத்தார். சொல்லின் அமைப்பு மாறாத இடத்தில் ராகத்தின் தேர்வே வேறுபாட்டைச் சுமக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தாளம், எடுப்பு, அடி அளவு எல்லாம் நம் கையில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் ராகத்தை மட்டும் மாற்றுவது சோம்பல்தான்.

ஒரு தாளில் ஆறு உருப்படிகளையும் கீழ்க்கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தாளம், எடுப்பு, காலம், தொடங்கும் சுரம் என நான்கு விவரங்களைக் குறியுங்கள். எந்த இரண்டு வரிகளிலும் மூன்று விவரங்கள் ஒத்துப்போனால் ஒன்றை மாற்ற வேண்டும். ஆதியில் அடங்காத வரியை மிச்ர சாபுவில் பாடிப் பாருங்கள். மூன்றும் நான்குமாகப் பிரியும் ஏழு, பேச்சு நடையில் உள்ள தமிழ் வரிகளுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்தும். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி நான்கும் மூன்றுமாக அதைத் திருப்பி வைத்த விலோம சாபுவும் இருக்கிறது, ஆனால் கச்சேரிக்கு இரண்டு வாரமே இருக்கும்போது பக்கவாத்தியக்காரர்களிடம் அதைக் கொடுப்பது அன்பான செயல் அல்ல.

எங்கேயோ கேட்ட பாட்டாக இருக்கிறது

புகழ்பெற்ற ராகங்கள் ஒவ்வொன்றுக்கும் எல்லோர் காதிலும் படிந்த ஒரு தொடக்கப் பிடி உண்டு. அந்தச் சுரத்தில், அந்த எடுப்பில் தொடங்கினால் பழைய கீர்த்தனை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மெட்டைச் சொல் இல்லாமல் ‘த த ரி’ என்று இன்னொரு பாடகரிடம் பாடிக் காட்டுங்கள். அவர் வாயில் எந்தப் பாட்டு வருகிறது என்று பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் கவலையில்லை. வந்தால், எடுப்பை மட்டும் முதலில் மாற்றுங்கள். சமத்தில் இருந்ததை ஒன்றரை அட்சரம் தள்ளினால் பழைய பாட்டின் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் தொடக்கச் சுரத்தை மாற்ற வேண்டும்.

சிட்டைசுரம் எடுப்பில் வந்து விழவில்லை

சிட்டைசுரம் என்பது பாட்டோடு சேர்த்து முன்கூட்டியே அமைத்து வைக்கும் சுரப் பகுதி; அது முடியும்போது பல்லவியின் எடுப்பில் வந்து சேர வேண்டும். கணக்கு தெரிந்தவர்களுக்கும் அவசரத்தில் இது தவறும். ஆதி தாளம், ஒரு களை, அட்சரத்துக்கு நான்கு சுரம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64. பல்லவியின் எடுப்பு அரை அட்சரம் தள்ளி, அதாவது இரண்டு மாத்திரை தள்ளி இருப்பதாகக் கொள்வோம். சிட்டைசுரத்தையும் அந்த எடுப்பிலேயே தொடங்கினால் 64 சரி. ஆனால் அனுபல்லவியின் கடைசி வரி ஆவர்த்தனத்தின் முடிவில் நின்று, சிட்டைசுரம் சமத்தில் தொடங்கினால், பல்லவிக்குப் போய்ச் சேர 66 வேண்டும். இந்த இரண்டு மாத்திரையே பெரும்பாலான குழப்பத்துக்கு வேர்.

குறையும் இரண்டை ஸட்ஜத்தில் கார்வையாக நிறுத்திவிட்டுப் போவதில் பிழை ஏதும் இல்லை. இருந்தாலும் முத்தாய்ப்பை (மூன்று முறை வரும் முடிவுக் கோவையை) 66-க்கே அமைப்பது மேல். ஐந்து ஐந்தாக மூன்று முறை, நடுவில் இரண்டு இரண்டு கார்வை என்று வைத்தால் 5+2+5+2+5, மொத்தம் 19. 66-இல் 19 போக 47. ஆக முதல் ஆவர்த்தனம் முழுவதும், இரண்டாம் ஆவர்த்தனத்தில் 15 மாத்திரையும் சாதாரண ஓட்டமாகச் சென்று, நான்காம் அட்சரத்தின் கடைசி மாத்திரையில் முத்தாய்ப்பு தொடங்குகிறது. தட்டுக்குச் சற்று முன்னதாக அது எழும்புவது மிருதங்கக்காரருக்குப் பிடித்தமான இடம். அவர் சேர்ந்து வாசிப்பார். ஐந்துக்குப் பதில் ஏழு வைத்தால் மொத்தம் 25, முன்னால் வேண்டியது 41.

கணக்கு சரியாக இருந்தும் விழவில்லை என்றால், தாளம் போடும் கை வேகமாக ஓடுகிறது. கணக்கை விட்டுவிட்டுத் தாளத்தைப் பாருங்கள்.

இரண்டு நாள் வேலை தவறிவிட்டது, பின்தங்கியாகிவிட்டது

தொண்டை கட்டிக்கொண்டதாலோ வெளியூர்ப் பயணத்தாலோ நாட்கள் தவறினால், இழந்ததை ஒரே நாளில் ஈடுகட்ட முயல வேண்டாம். குரல் இல்லாத நாளில் செய்யக்கூடிய வேலை நிறையவே உண்டு: எதுகை மோனை சரிபார்ப்பது, சுரதாளக் குறிப்பைப் பிழையின்றிப் படியெடுப்பது, சிட்டைசுரக் கணக்கு. இவற்றை முன்கூட்டியே தனியே ஒதுக்கி வைத்திருந்தால் தொண்டை கட்டிய நாளும் வேலை நாள்தான்.

அதற்கும் மேல் பின்தங்கிவிட்டால், மூடி வைத்த நோட்டைத் திறக்க வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723-இல் தேவாலய இசைப் பொறுப்பேற்ற இசையமைப்பாளர் பாக், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் இசைக்க வேண்டிய கான்டாட்டா என்னும் பாடல் தொகுதிகளை வாரத்துக்கு ஒன்றாக அமைத்துக்கொண்டிருந்தபோது, தாம் முன்பு வைமார் நகரில் அமைத்தவற்றையும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தினார். பழைய பல்லவி ஒன்றுக்குப் புதிய சரணம் அமைப்பதில் குறை எதுவும் இல்லை. ஆறு உருப்படி என்று அறிவித்திருந்தாலும் ஐந்து நன்றாக இருந்து, ஆறாவதன் இடத்தை ஒரு விருத்தம் (தாளமின்றிப் பாடும் செய்யுள்) நிரப்பினால் அவையினர் அதைக் குறையாக எண்ணமாட்டார்கள்.

ஒத்திகையில் பாடகர் வேறு விதமாகப் பாடுகிறார்

அமைத்தவரே பாடினால் இந்தக் கோளாறு இல்லை. வேறொருவர் பாடும்போது இது ஏறக்குறைய நிச்சயம். முதலில் குறிப்பைப் பாருங்கள். ஒரு மாத்திரைக் கார்வைக்குக் காற்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி என்ற வழக்கத்தை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பின்பற்றியிருக்கிறதா? மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி விடுபடாமல் இருக்கிறதா? அவசரமாக எழுதிய குறிப்பில் விடுபடுவது இந்தப் புள்ளிகள்தாம்.

குறிப்பு சரியாக இருந்தும் மாறினால், மாறியது கமகம். எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்றே தனித்தனி அடையாளங்களை வகுத்து அச்சிட்டார். அவ்வளவு நுணுக்கமான குறிப்பை வைத்துக்கொண்டும் அதை எப்படிப் பாடுவது என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஆகவே காகிதத்தை மட்டும் கொடுக்காமல், பாடகரின் கட்டையில் (அவர் பாடும் சுருதி அளவில்) சுருதி வைத்து, தாளம் கேட்கும்படி, எல்லாச் சங்கதிகளோடும் பாட்டை முழுவதுமாக அலைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு கட்டையில் அமைத்ததை ஐந்து கட்டையில் பாடுபவருக்குக் கொடுக்கிறோம் என்றால், அவருடைய குரல் கீழே எதுவரை இறங்கும், மேலே எதுவரை நிற்கும் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். மந்தர பஞ்சமம் முதல் மேல் காந்தாரம் வரை என்ற எல்லைக்குள் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

சில மாற்றங்களை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடகர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே விதமாக மாற்றினால், அந்த இடத்தில் மெட்டு அவர் குரலுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மாற்றினால் பாடம் ஆகவில்லை. முன்னதற்குக் குறிப்பைத் திருத்துங்கள், பின்னதற்கு ஒத்திகையைக் கூட்டுங்கள்.

கடைசி வாரத்தில் இதைவிட நல்ல சரணம் தோன்றுகிறது

தோன்றும். அதை எழுதி வையுங்கள்; இந்தக் கச்சேரிக்குச் சேர்க்க வேண்டாம். கடைசி ஏழு நாட்களில் அனுமதிக்கத்தக்க மாற்றங்கள், பொருள் கெடும் சொல்லை மாற்றுவது, பாட நேரம் கூடினால் சங்கதிகளைக் குறைப்பது, இரண்டு சரணங்களில் ஒன்றை விடுவது ஆகியவை மட்டுமே. தாளத்தையும் எடுப்பையும் தொடக்கூடாது, ஏனெனில் அதற்குள் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒவ்வொரு உருப்படியின் தாளம், களை, எடுப்பு, சிட்டைசுரம் தொடங்கும் இடம், முத்தாய்ப்புக் கணக்கு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அனுப்பியிருப்பீர்கள். அனுப்பவில்லையென்றால் இன்றைய வேலை அதுதான்.